மஞ்சள் சீட்டுத் தீவனம்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம் பேராசிரியரம்மா. அவருக்கு முதுகு பிடித்திருந்ததால் நாற்காலியில் ஒரு தலையணையைச் செருகியிருந்தார். அவருக்கு வலப்புறம் ஆராய்ச்சிக்காரப் பெண், மடிக்கணினியும் வெந்நீர்க் குடுவையுமாக. இடப்புறம் புள்ளிவிவரம் பார்ப்பவர்; அவரை நாங்கள் கணக்கய்யா என்போம். சன்னலோரம் கூண்டுக்காரம்மா, செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்விரல்களை நீவிக்கொண்டு. கதவை ஒட்டிய நாற்காலியில் நான். அந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. வேறு யாரும் உட்கார மாட்டார்கள் என்பதால் அது எனக்கு நிரந்தரமாகிவிட்டது.

என் வேலை எலிகளுக்குத் தீவனம் பிசைவது. மாவை அளந்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, அச்சில் பிழிந்து, சூட்டுப் பெட்டியில் உலர்த்தி, விரல் நீளத் துண்டுகளாக வெட்டி டப்பாவில் போட்டுக் கொடுப்பேன். கொடுத்ததை நோட்டில் எழுதுவேன். பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

இந்தச் சோதனை பதினான்கு மாதமாக நடந்தது. நாற்பது சுண்டெலிகளுக்குச் சில வாரம் ஒரு மருந்தைக் கொடுத்துக் கல்லீரலில் வடு உண்டாக்கினார்கள். பிறகு மருந்தை நிறுத்திவிட்டார்கள். கல்லீரல் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளக்கூடிய உறுப்பு. விட்டால் போதும், கொஞ்சம் கொஞ்சமாக வடு கரையும். அப்படிக் கரைகிற ஆறு வாரத்தில், பாக்கெட் உணவுகளில் சேர்க்கிற ஒரு பொருளைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் ஆறுவது தடைப்படுமா என்பதுதான் கேள்வி. இருபது எலிகளுக்கு அந்தப் பொருள் கலந்த தீவனம், இருபதுக்குக் கலக்காதது. மாவு எனக்கு இரண்டு மூட்டையாக வரும். ஒன்றில் நீலச் சீட்டு, இன்னொன்றில் மஞ்சள் சீட்டு. எது எது என்று கணக்கய்யாவுக்கு மட்டும்தான் தெரியும். பிசைகிறவனுக்கும் கூண்டு பார்க்கிறவளுக்கும் ஈரலை அறுத்துப் பார்க்கிறவளுக்கும் தெரிந்தால் கை தன்னையறியாமல் ஒரு பக்கம் சாயுமாம். நல்ல ஏற்பாடுதான்.

அன்று காலை கணக்கய்யா உறையைப் பிரித்தார். நீலத்தில் பொருள் இருந்தது. மஞ்சளில் இல்லை.

"சரி, வித்தியாசம்?" என்றார் பேராசிரியர்.

"ஒண்ணுமில்லீங்க. ரெண்டு கூட்டமும் ஒரே மாதிரிதான் ஆறியிருக்கு. எந்தப் பக்கமிருந்து கூட்டிப் பாத்தாலும் ஒரே மாதிரி."

ஆராய்ச்சிக்காரப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். கண்ணாடித் தகடுகளில் வடு சிவப்பாகத் தெரியும்படி சாயமேற்றியிருந்தார்கள். இரண்டு வரிசையிலும் சிவப்புக் கோடுகள், கிழிந்த வலை போல.

"ஒரு விஷயம் மட்டும் உறுத்துது மேடம்," என்றாள். குரல் கட்டியிருந்தது. "போன வருஷத்து எலிங்களுக்கு ஆறு வாரத்துல இதுல பாதிதான் மிச்சமிருந்துச்சு. இந்தத் தடவை ரெண்டு பக்கமும் சரியா ஆறவே இல்ல."

"அது வேற கூட்டம். வயசு வேற, பருவம் வேற," என்றார் பேராசிரியர். தலையணையைச் சரிசெய்துகொண்டார். "ஐஸ்கிரீம்லயும் ரொட்டியிலயும் கெட்டியாக்கறதுக்குப் போடற மரக்கூழ்ப் பசை. ஒரு சதவீதம். ஈரல் ஆறறதை அது தடுக்கலைன்னு எழுதிடலாம். இல்லைங்கற முடிவும் முடிவுதான். வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்பிடும்மா."

"இதுக்கா பதினாலு மாசம்?" என்றாள் கூண்டுக்காரம்மா சன்னலைப் பார்த்தபடி. யாருக்கும் சிரிக்கவும் தெம்பில்லை.

எனக்கு மட்டும் அன்று மனது லேசாயிருந்தது. அதற்குக் காரணம் என் அத்தான்.

அக்காவின் கணவர் குளிர்பெட்டி லாரி ஓட்டுகிறவர். கடைகடையாக ஐஸ்கிரீம் இறக்குவார். ஒரு சொட்டுச் சாராயம் தொடாத மனிதருக்கு, எப்போதோ உடம்பில் புகுந்த மஞ்சள்காமாலைக் கிருமி ஈரலைக் கொத்திப் போட்டுவிட்டது. கிருமியை மருந்து அடக்கிவிட்டது. மிச்சமிருந்தது வடு. அது எவ்வளவு இறுகியிருக்கிறது என்று வயிற்றின்மேல் ஒரு கருவியை வைத்து எண் சொல்வார்கள். முதலில் பதினான்கு. பிறகு பதினொன்றரை. கடைசியாக ஒன்பதரை. எட்டுக்குக் கீழே வந்தால் மூச்சு விடலாம், மறுபடி ஏறினால் பேச்சே வேறு என்று டாக்டர் சொல்லியிருந்தார். இறங்குவது மருந்தாலா, அக்காவின் கெடுபிடியாலா என்பது அவருக்கும் தெரியாது.

கெடுபிடிக்குக் காரணம் நான்தான். இந்தச் சோதனைக்குத் தீவனம் பிசையத் தொடங்கியபோது, "பாக்கெட்ல வர்றதுல என்னமோ சேக்கறாங்களாம், ஈரல் ஆறறதுக்கு அது ஆகாதோன்னு பாக்கறாங்க," என்று அக்காவிடம் வாயை விட்டுவிட்டேன். எட்டு மாதமாக அவள் வீட்டில் பாக்கெட் நுழையவில்லை. நசுங்கிய ஐஸ்கிரீம் பெட்டிகளை ஓட்டுநர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அத்தானின் கம்பெனி வழக்கம். அவர் பங்கை அக்கா வாசலிலேயே மறித்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவாள்.

கூட்டம் முடிந்ததும் நடைக்கூடத்தில் நின்று அக்காவைக் கூப்பிட்டேன்.

"முடிவு வந்துருச்சுக்கா. அந்தப் பசை ஒண்ணும் பண்ணலையாம். அத்தான் ஆசைப்பட்டா சாப்பிடட்டும்."

"நெஜமாவாடா? எட்டு மாசமா அந்த மனுஷன் வாயைக் கட்டிப் போட்டு நான் சூனியக்காரி ஆயிட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க குண்டாயிடுச்சுங்க." அவள் பின்னால் திரும்பிக் கத்தினாள்: "ஏங்க, உங்களுக்கு விடுதலையாம்!"

தீவன அறைக்குத் திரும்பி அங்கியை மாட்டினேன். அடுத்த சோதனைக்கான மாவு வந்திருந்தது. பிசைய வேண்டும். அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒட்டுப்பொடித் தகரத்தை எடுத்தேன். நான் வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற தகரம். தீர்ந்தால் அதே பொடியை வாங்கி நிரப்புவோம். உதிர்கிற மாவு வந்தால், துண்டு பிடித்துக்கொள்ளக் கிலோவுக்கு இரண்டு கரண்டி. முன்பக்கச் சீட்டில் 'ஒட்டுப்பொடி' என்று என் கையெழுத்து. அதன் அடியில் கம்பெனிச் சீட்டு. பன்னிரண்டு வருடத்தில் அதைப் படிக்க வேண்டிய தேவை வரவில்லை.

மரக்கூழ் என்று பேராசிரியர் சொன்னது காதில் இருந்ததால்தான் என் சீட்டின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். அடியில் அதே பெயர் இருந்தது. பக்கத்தில் ஓர் எண்: நானூற்று அறுபத்தாறு. ஆராய்ச்சிக்காரப் பெண்ணின் திரையில் தலைப்பில் இருந்த எண்ணும் அதுதான்.

முக்காலியில் உட்கார்ந்தேன். எழுந்து நோட்டை எடுத்தேன். எனக்கு நினைவிருந்தது, ஆனாலும் பார்க்க வேண்டும் அல்லவா.

நீலச் சீட்டு மாவு முதல் நாளிலிருந்தே அச்சில் சிக்கென்று வந்தது. மஞ்சள் சீட்டு மாவு உலர்ந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. கூண்டுக்காரம்மா என் மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டு வைத்துவிட்டுப் போயிருந்தாள்: 'மஞ்சள் எல்லாம் தூள். கம்பி வழியாகக் கீழே கொட்டுகிறது. எதை நிறுத்து எழுதுவது, எலி தின்றதையா, தரை தின்றதையா?' இரண்டு தீவனமும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பது எனக்குச் சொல்லப்பட்ட விதி. எனவே மஞ்சளை நீலம் போலவே கெட்டியாக்கினேன். கிலோவுக்கு இரண்டு கரண்டி, அதாவது பத்து கிராம், அதாவது ஒரு சதவீதம். நோட்டில் ஒளிக்காமல் எழுதியும் வைத்திருந்தேன்: 'மஞ்சள் – ஒட்டுப்பொடி 2 க.' வாரா வாரம் எழுதியிருந்தேன். நோட்டைக் கேட்டவர்கள் எடையைப் பார்த்துவிட்டு மூடினார்கள். அந்தப் பக்கத்தில் வேறு எதையும் தேட அவர்களுக்கு அவசியமிருக்கவில்லை.

நாற்பது எலிகளும் அந்தப் பசையைத் தின்றிருக்கின்றன. வித்தியாசம் எங்கிருந்து வரும்?

கூண்டுக்காரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் கூண்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். முழங்கை வரை நுரை. நான் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"யாருக்குத் தெரியும்?" என்றாள்.

"எனக்கு. இப்ப உனக்கு."

"அப்ப என்னை எதுக்குய்யா சேத்தே? நான் சும்மாதானே இருந்தேன்?" கூண்டைக் கவிழ்த்து வைத்தாள். "எலி செத்துப் போச்சு. வந்து சாட்சி சொல்லப் போகுதா? வருஷா வருஷம் உன் வேலையை நீட்டறதுக்குக் கையெழுத்துப் போடறது அந்தம்மா. அடுத்த மாசம் போடணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"அந்தப் பொண்ணு இந்தக் கட்டுரை போனாத்தான் பட்டம் வாங்கும். தொண்டை கட்டிக்கிட்டும் ஓடி ஓடி வருது. அதுவும் ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா."

"எல்லா ஞாபகமும் இருக்கு. புத்தி மட்டும் இல்ல." அடுத்த கூண்டை இழுத்தாள். சிறிது நேரம் தேய்த்தாள். "தூளாக் கொட்டுதுன்னு சீட்டு எழுதி வச்சது நான்தானே?"

"ஆமா."

"அதையும் எழுதப் போறியா?"

"எழுதாம எப்படி?"

"எழுது, எழுது. என் பேரைப் போட்டா எழுத்துப்பிழை இல்லாம போடு," என்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

மணி இரண்டு. அக்காவைக் கூப்பிட்டேன். அத்தான்தான் எடுத்தார்.

"மச்சான்! நீ நல்லா இருக்கணும். இன்னிக்கு வந்த பெட்டியில ரெண்டு கப்பு உள்ள தள்ளியாச்சு. எட்டு மாசம் கழிச்சுத் தின்னா பல்லு கூசுதுய்யா."

"அத்தான், மிச்சத்தைச் சாப்பிடாதீங்க."

கரண்டி கப்பில் விழும் சத்தம் கேட்டது.

"காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணா? உன் எலிங்க கட்சி மாறிடுச்சா?"

நடந்ததைச் சொன்னேன். அவருக்குப் புரியும்படி சொல்வது எளிதாகவே இருந்தது. தராசில் எடைபோடும்போது இரண்டு தட்டிலும் ஒரே சரக்கை ஏற்றிவிட்டு வித்தியாசமில்லை என்று எழுதிக்கொடுத்த மாதிரி என்றேன்.

"அப்ப அது கெடுதலா, இல்லையா? ஒத்த வார்த்தையில சொல்லு."

"தெரியல அத்தான். கெடுதல்னும் தெரியல, இல்லைன்னும் தெரியல. எலிக்கே தெரியல. மனுஷனுக்கு அதுக்கு மேல தெரியல."

"பதினாலு மாசம் ஆராய்ச்சி பண்ணி இதைத்தான் கண்டுபிடிச்சீங்களா?" அவர் சிரித்தார், ஆனால் சிரிப்பு பாதியிலேயே இறங்கிவிட்டது. "எனக்கு அலுத்துப் போச்சு மச்சான். மாத்திரை வேணாம், ஊசி வேணாம்னு சொல்லல. திங்கறதுக்கு ஒரு முடிவு சொல்லுங்கன்னுதான் கேக்கறேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கருவியை வயித்துல வைக்கும்போது நான் மூச்சைப் பிடிச்சுக்கறேன், தெரியுமா? மூச்சைப் பிடிச்சா எண்ணு குறையுமோன்னு."

அக்கா போனைப் பிடுங்கிவிட்டாள். "ரெண்டு கப்புல ஒண்ணும் ஆயிடாதேடா?"

"ஆகாதுக்கா. ரெண்டு கப்புல ஆகாது. ஆனா இந்த முடிவை நம்பித் தினமும் குடுக்காதே. பழையபடியே இரு. அடுத்த எண்ணு வரட்டும்."

"மறுபடியும் நான் சூனியக்காரி."

"தப்பு என்னோடதுக்கா."

"அதான் தெரியுதே," என்று வைத்துவிட்டாள்.

அக்காவிடம் போனில் திருத்திவிட்டேன். அது ஒரு வீடு. வெள்ளிக்கிழமை கட்டுரை போனால், அதை எத்தனை டாக்டர்கள் படித்து, எத்தனை அத்தான்களுக்குச் சாப்பிடலாம் என்று சொல்வார்கள் என்று யோசித்தேன். அவர்களுடைய போன் எண்கள் என்னிடம் இல்லை.

பேராசிரியர் முதுகைக் காட்ட மருத்துவரிடம் போய்விட்டார். இருந்திருந்தாலும் வாயால் சொல்வதை அவர் ஏற்க மாட்டார். சோதனையில் எது மாறினாலும் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். அதுதான் கோப்பில் ஏறும். எனக்கும் அதுதான் வசதி. நேரில் பேசினால் மன்னிப்பில் தொடங்கி மன்னிப்பிலேயே முடித்துவிடுவேன். நடுவில் சொல்ல வேண்டியது விட்டுப்போகும்.

மாவுத் தூசியைத் துடைத்துவிட்டு மேசையில் தாளை விரித்தேன். நாலு மணிக்குத் தபால் பை எடுப்பார்கள். எழுதினேன்:

'மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, தீவன அறையில் பணிபுரிபவன் எழுதுவது. மஞ்சள் சீட்டுத் தீவனம் உதிர்ந்துபோவதாகப் புகார் வந்ததால், பதினான்காம் தேதி முதல் அதில் கிலோவுக்குப் பத்து கிராம் ஒட்டுப்பொடி சேர்த்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அந்தப் பொடியும் தாங்கள் சோதித்த பசையும் ஒன்றே என்பதை இன்று தகரத்தின் சீட்டைப் பார்த்து அறிந்தேன். எனவே இரு கூட்டமும் அப்பொருளை ஏறக்குறைய ஒரே அளவில் உண்டிருக்கின்றன. இந்தச் சோதனையைக் கொண்டு அது ஈரல் ஆறுவதைத் தடுக்கவில்லை என்று சொல்ல இயலாது. தடுக்கிறது என்றும் சொல்ல இயலாது. நோட்டின் ஏழு பக்கங்களின் நகலும் தகரத்தின் சீட்டும் இணைத்துள்ளேன். கூண்டுப் பொறுப்பாளர் புகார் சொன்னது சரியே. அவருடைய கடமையை அவர் செய்தார். பொடி சேர்த்தது என் முடிவு.'

இன்னொரு வரி எழுதலாமா என்று யோசித்தேன், என் வேலையைப் பற்றி. எழுதவில்லை. அது வேறு கடிதம்.

கதவு திறந்தது. ஆராய்ச்சிக்காரப் பெண் வெந்நீர் பிடிக்க வந்திருந்தாள்; தீவன அறையில்தான் கெட்டில் இருக்கிறது. தாளைக் கவிழ்த்து வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவளிடம் நீட்டினேன்.

நின்றபடி படித்தாள். பிறகு மூட்டைமேல் உட்கார்ந்து மறுபடி படித்தாள். கெட்டில் கொதித்து, தானே அணைந்தது.

"அண்ணா," என்றாள். "வெள்ளிக்கிழமை அனுப்பிட்டு அப்பறம் இதைக் குடுத்திருந்தா..." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தாள். "எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன், முடிஞ்சுதுன்னு. அவங்க தெருப் பூரா சொல்லிட்டாங்க."

"தெரியும்மா."

"மறுபடி நாப்பது எலி. மறுபடி ஆறு வாரம், அதுக்கு முன்னாடி வடு வர வைக்கணும். அந்தக் கூண்டு, அந்த வாடை." கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பிறகு, "அதனாலதான் ரெண்டு பக்கமும் ஆறலையோ?" என்றாள். "போன வருஷத்து எலி கடைத் தீவனம் தின்னுச்சு. அதுல இது இல்ல."

"அப்படியா இருக்கும்?"

"தெரியல. இப்ப அது வெறும் ஊகம். ஊகத்தை நான் எழுத மாட்டேன்." எழுந்தாள். தாளை என்னிடம் கொடுக்கப் போனவள் நிறுத்தினாள். "ஒரு தேதி தப்பு. பதினாலாம் தேதி நீங்க இல்லண்ணா. உங்க அத்தானுக்கு ஸ்கேன்னு லீவு போட்டீங்க. அன்னிக்கு நான்தான் தீவன டப்பாவைக் கொண்டு போனேன்."

நோட்டைப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கூண்டுக்காரம்மாவின் சீட்டு, தீவனம் போடத் தொடங்கிய பதினான்காம் தேதியிட்டது. நான் வந்து பார்த்து, பொடி சேர்த்துப் பிசைந்தது பதினாறாம் தேதி. புகாரின் தேதியை என் தேதியாக எழுதியிருந்தேன். அந்த இரண்டு நாள் மஞ்சள் எலிகள் பசையில்லாத தூளைத்தான் தின்றிருக்கின்றன.

"ரெண்டு நாள்தானே?" என்றேன்.

"ரெண்டு நாள்தான். ஆனா சரியா இருக்கணும்," என்றாள். தன் பேனாவையே கொடுத்தாள். தேதியை அடித்துத் திருத்தி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டேன். அவள் குடுவையை நிரப்பாமலே போய்விட்டாள். பிறகு திரும்பி வந்து நிரப்பிக்கொண்டு போனாள்.

மூன்று நகல் எடுத்தேன். ஒன்று பேராசிரியருக்கு. ஒன்று என் நோட்டுக்குள். மூன்றாவதைப் போட்ட உறையின்மேல், எங்கள் சோதனைகளை மேற்பார்க்கிற விலங்கு நலக் குழுவின் பெயரை எழுதினேன். குழுவுக்குப் போய்விட்டால் எந்த மேசை இழுப்பறையிலும் அது தூங்க முடியாது. எழுதிய பிறகு கொஞ்ச நேரம் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது எலிகள் சார்பில் குழுவுக்கு எழுத வேறு யார் இருக்கிறார்கள்?

உறையின் மடிப்பை நாக்கால் நனைக்கப் போனவன், அந்தப் பசை எந்தக் கூழோ என்று தோன்றவே, விரலில் தண்ணீர் தொட்டு ஒட்டினேன். இரண்டு உறையையும் மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினேன். ஒரு மூலை எழும்பியது. மறுபடி அழுத்தினேன்.

நடைக்கூடத்தில் தபால்காரரின் வண்டி சத்தம் கேட்டது. அதற்கும் ஒரு சக்கரம் சரியில்லை, தூரத்திலேயே தெரியும். அவர் கதவருகே நின்று பையின் வாயை விரித்தார்.

"இன்னிக்கு உங்ககிட்டருந்து ரெண்டா? என்ன விசேஷம்?"

"விசேஷம் ஒண்ணுமில்ல. தேதி திருத்தம்," என்றேன்.

இரண்டையும் பையில் போட்டேன். அவர் பதிவேட்டில் நேரம் எழுதி, என் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.